ரத்தத்தில் ஓடும் ஐஸ்

விளையாட்டுச் செய்திகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள் என்றைக்காவது ஒரு நாள் இந்த வாக்கியத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள்: அந்த ஆட்டக்காரரின் ரத்தக்குழாய்களில் ஐஸ் ஓடுகிறது. கடைசி ஓவர், ஜெயிக்க ஆறு ரன் வேண்டும், மைதானமே கூச்சலில் அதிர்கிறது, அவருக்கோ படபடப்பே இல்லை. இதைச் சொல்லத்தான் ஆங்கிலச் செய்தியாளர் அப்படி எழுதுகிறார். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் வாசகர் என்ன நினைப்பார்? ஆள் பயந்து விறைத்துவிட்டார் என்றுதான். தமிழில் பயம் வந்தால் கை கால் சில்லிடுகிறது, முதுகுத்தண்டு ஜில்லென்று ஆகிறது, ரத்தம் உறைகிறது. புகழ்ந்து எழுதிய வரி, மொழி மாறும்போது பழித்து எழுதிய வரியாகிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் பயந்தவனின் ரத்தம் குளிரத்தான் செய்கிறது. ஈவிரக்கமின்றிக் கொலை செய்தாலும் குளிர்ந்த ரத்தத்தோடு செய்ததாகத்தான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 18ஆம் நூற்றாண்டில் இரவல் வாங்கிய 'ஸான்ஃப்ருவா' என்ற சொல்லுக்கும் நேர்ப்பொருள் குளிர்ந்த ரத்தம்தான். ஆனால் அது மரியாதையான சொல். ஆபத்தில் நிலைகுலையாத கனவானுக்கு உரியது. ஒரே குளிர் ரத்தம், சூழலைப் பொறுத்துக் கோழையையும் கொலைகாரனையும் கனவானையும் குறிக்கிறது. ஆங்கிலேயருக்கு இதில் குழப்பமே வருவதில்லை. குழப்பமெல்லாம் மொழிபெயர்ப்பாளருக்குத்தான்.

இந்தக் குளிர் குடும்பத்தில் மூத்தது வெள்ளரிக்காய். 'வெள்ளரிக்காய் மாதிரி கூலாக இருக்கிறான்' என்ற உவமையை ஜான் கே என்ற ஆங்கிலக் கவிஞர் 1732லேயே பயன்படுத்திவிட்டார். வெள்ளரிப்பிஞ்சை நாலாகக் கீறி மிளகாய்ப்பொடி தூவி ரயில் ஜன்னலில் நீட்டும் ஊர்க்காரர்களுக்கு இந்த உவமை எட்டுவது சிரமம். பின்னால் வந்த 'கூல்' என்ற ஒற்றைச் சொல் வெள்ளரிக்காயைக் கழற்றிவிட்டுத் தனியாக உலகம் சுற்றியது. இன்று அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. 'கூலா இருடா' என்பதை எந்தப் பாட்டிக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

தமிழில் இதற்குச் சொல்லே இல்லையா என்றால், இருக்கின்றன. ஆனால் அவற்றின் முகத்தைப் பார்த்தால் யோசிக்க வேண்டியிருக்கிறது. எதற்கும் அசையாதவனைத் தமிழ்க் குடும்பங்கள் 'அழுத்தக்காரன்' என்கின்றன. அதற்கும் மேலே போனால் 'கல்லுளிமங்கன்'. சுற்றி என்ன நடந்தாலும் கண்டுகொள்ளாதவனுக்கு எருமை மாட்டின் மேல் பெய்த மழை உவமையாகிறது. கல் நெஞ்சு, நெஞ்சழுத்தம் எல்லாமே குற்றப்பத்திரிகைகள்தான். உணர்ச்சியைக் காட்டாதவனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது தமிழின் பழைய சந்தேகம். சூடு சொரணை உள்ளவன்தான் மனிதன். சூடு இல்லாதவனை எதில் சேர்ப்பது?

புகழும் சொற்களுக்கும் பஞ்சமில்லை. வள்ளுவர் 63வது அதிகாரத்துக்கு 'இடுக்கண் அழியாமை' என்றே பெயர் வைத்தார். 67வது அதிகாரம் 'வினைத்திட்பம்'. முன்னது துன்பத்தைத் தாங்குவது, பின்னது எடுத்த காரியத்தில் உறுதியாக நிற்பது. இரண்டும் பெரிய விஷயங்கள். ஆனால் கடைசிப் பந்தில் நாலு ரன் அடித்தவனைப் பற்றி டீக்கடையில் பேசும்போது யாரும் வினைத்திட்பம் என்று சொல்வதில்லை. எஞ்சியிருப்பது 'நிதானம்'. பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியின் சாரத்தை ஒரே சொல்லில் சுமப்பது அது. ஆனால் அதையும் விளையாட்டுப் பக்கங்கள் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. 'நிதானமாக ஆடினார்' என்றால் மட்டை போட்டுக்கொண்டே இருந்தார், ரன் வரவில்லை என்று அர்த்தம்.

நிதானம் தவறுவதற்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் பாட்டில் காரணமாகிறது. பிரிட்டனில் இது தலைகீழ். அங்கே ஒருவன் பாட்டிலைத் தொலைத்தால்தான் பிரச்சினை. கொச்சை ஆங்கிலத்தில் 'பாட்டில்' என்றால் தைரியம். பெனால்ட்டி அடிக்கப் போகும்போது கால் நடுங்கியவன் பாட்டிலைத் தொலைத்தவன், அதாவது 'பாட்டிலர்'. 1980களில் அங்கே பால் விற்பனைக்காக ஒரு விளம்பரம் வந்தது. இதில் நிறைய 'பாட்டில்' இருக்கிறது என்பதுதான் அதன் கோஷம். பால் பாட்டில், தைரியம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய சாமர்த்தியம். மதுவிலக்குப் பிரசாரகர் யாரும் இதைத் தமிழில் முயலமாட்டார்.

ஆங்கிலேயருக்கே உரியதாக உலகம் நம்பும் இன்னொரு தொடர், மேலுதட்டை விறைப்பாக வைத்துக்கொள்வது. உதடு துடிக்காமல் இருந்தால் அழுகையை அடக்கிவிட்டதாகப் பொருள். இந்தத் தொடர் பிறந்தது அமெரிக்காவில் என்பது பலருக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்கப் பத்திரிகைகளில் அது அச்சேறிவிட்டது. பிற்பாடு பிரிட்டிஷ் பள்ளிகளும் பட்டாளமும் அதைத் தத்தெடுத்துத் தங்கள் பிறப்புரிமை ஆக்கிக்கொண்டன.

ஐஸ், வெள்ளரிக்காய், எஃகு நரம்பு, குடல், உதடு என்று இந்தச் சொற்கள் எல்லாமே நெருக்கடியைச் சமாளிக்கும் ஆற்றலை உடம்புக்குள் கொண்டுபோய் வைக்கின்றன. ஒருவன் அப்படிப் பிறந்திருக்கிறான், இன்னொருவன் பிறக்கவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. நடந்த கதைகளைப் பார்த்தால் இது ஒத்துவருகிறதா என்பதில்தான் சிக்கல்.

ஸ்வீடனின் பியார்ன் போர்க்கை எடுத்துக்கொள்ளலாம். 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து முறை விம்பிள்டன் ஜெயித்தவர். 1980 இறுதியாட்டத்தில் ஜான் மெக்கன்ரோவிடம் நாலாவது செட்டை 18-16 என்ற டைபிரேக்கரில் இழந்தார். கையில் இருந்த வெற்றி நழுவிய பிறகும் முகத்தில் சலனம் இல்லை. ஐந்தாவது செட்டை 8-6 என்று எடுத்தார். பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவருக்கு 'ஐஸ்போர்க்' என்று பெயர் வைத்திருந்தன. அவர் பெயரோடு பனிப்பாறையைக் கோத்த சிலேடை அது. அதே போர்க் சிறுவனாக இருந்தபோது மட்டையை வீசி எறிந்து, கண்டபடி கத்தி, உள்ளூர் கிளப்பால் சில மாதங்கள் விலக்கி வைக்கப்பட்டவர். இதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். பனிப்பாறை பிறவியிலேயே பனிப்பாறையாக இருக்கவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவின் கிறிஸ் எவர்ட்டும் முகத்தில் எதையும் காட்டாமல் ஆடினார். அவருக்கும் ஐஸ் பட்டம் கிடைத்தது: 'ஐஸ் கன்னி'. ஆனால் இதில் பாராட்டு பாதி, புகார் பாதி. ஆணுக்கு ஐஸ் என்றால் தைரியம். பெண்ணுக்கு ஐஸ் என்றால் இதயமில்லாதவள். இந்தச் சொற்குவியலைக் கிளறினால் 'மேன்' என்றும் 'மிஸ்டர்' என்றும் முடிகிற பட்டங்களே அதிகம் அகப்படுகின்றன. பெண்ணுக்குக் கிடைத்த புகழ்பெற்ற உலோகப் பட்டமான 'இரும்புப் பெண்மணி'யும் முதலில் ஏச்சாகத்தான் வந்தது. 1976 ஜனவரியில் சோவியத் ராணுவப் பத்திரிகை மார்கரெட் தாட்சரை அப்படிக் கிண்டல் செய்தது. அவர் அதைச் சிரித்தபடி எடுத்துச் சூடிக்கொண்டார்.

அமெரிக்கர்கள் உடம்பை விட்டு இயந்திரத்துக்குப் போனார்கள். 'கிளட்ச்' என்ற சொல் 1920களில் அவர்களுடைய பேஸ்பால் பேச்சில் நுழைந்தது. ஆட்டம் இறுகிப்போய் ஒரே அடியில் முடிவாகும் கட்டம்தான் கிளட்ச். அந்தக் கட்டத்தில் அடிப்பவன் கிளட்ச் ஆட்டக்காரன். இந்தியாவில் கிளட்ச் என்றால் காரில் இடது காலுக்குக் கீழே இருப்பது, அல்லது கல்யாண வீடுகளில் பெண்கள் கையில் இடுக்கிக்கொண்டு வரும் சிறு பை. ஆனால் செல்போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடும் பையன்களுக்கு விளக்கம் தேவையில்லை. கூட்டாளிகள் எல்லாரும் செத்து, ஒருவன் மட்டும் மிஞ்சி, எதிரிகள் நாலு பேரையும் சாய்த்தால் அது 'கிளட்ச்'. மதுரையிலும் சரி, மீரட்டிலும் சரி, அவர்கள் சொல்வது இதைத்தான். மொழிபெயர்ப்பாளர் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது பிள்ளைகள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பேஸ்பாலில் இந்தப் புகழுக்கு இலக்கணமானவர் ரெஜி ஜாக்சன். 1977 அக்டோபர் 18 அன்று உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் மூன்று வெவ்வேறு பந்துவீச்சாளர்களின் முதல் பந்தையே அடித்து மூன்று ஹோம் ரன் எடுத்தார். அவருக்கு நிலைத்த பெயர் 'மிஸ்டர் அக்டோபர்'. அது சக வீரர் தர்மன் மன்சன் கேலிக்குச் சொன்ன பெயர். கேலிக்குக் காரணமும் இருந்தது. அதே அக்டோபரில், அதற்கு முந்தைய சுற்றில், ஜாக்சன் 16 வாய்ப்புகளில் 2 ஹிட் மட்டுமே எடுத்திருந்தார். கடைசி ஆட்டத்தில் அவரை உட்காரவைத்துவிட்டார்கள்.

அதே 1977ல் ரிச்சர்ட் கிரேமர் என்ற ஆய்வாளர் வேறொரு கேள்வி கேட்டார். நெருக்கடியில் மட்டும் கூடுதலாக ஆடும் கிளட்ச் ஆட்டக்காரர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா? அவர் இரண்டு பருவங்களின் கணக்கை ஒப்பிட்டார். ஓராண்டு இறுக்கமான கட்டங்களில் ஜொலித்தவர்கள் மறு ஆண்டும் அப்படி ஜொலித்ததற்குத் தடயம் இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லா நேரமும் நன்றாக ஆடுகிறார்கள், அவ்வளவுதான் என்றது கணக்கு. ரசிகர்கள் ஏற்கவில்லை. பேஸ்பால் புள்ளிவிவர உலகின் மூத்தவரான பில் ஜேம்ஸும் 2004ல், தடயம் கிடைக்காததாலேயே அப்படி ஒரு குணம் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது என்று எழுதினார். விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆனால் ஒரு மனிதனைப் பிறவி வீரன் என்றோ பிறவிக் கோழை என்றோ முத்திரை குத்துவது எவ்வளவு அபத்தம் என்று காட்ட நாலே நாலு பந்து போதும். 1999 ஜூன் 17, எட்ஜ்பாஸ்டன், உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியா 213. தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 9 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். டேமியன் ஃப்ளெமிங் வீசிய முதல் இரண்டு பந்துகளையும் லான்ஸ் குளூஸ்னர் எல்லைக்கோட்டுக்கு அனுப்பினார். ஸ்கோர் சமம். நாலு பந்தில் ஒரு ரன் போதும். மூன்றாவது பந்தில் மறுமுனையில் இருந்த ஆலன் டொனால்ட் ரன் அவுட்டிலிருந்து மயிரிழையில் தப்பினார். நாலாவது பந்தை அடித்துவிட்டு குளூஸ்னர் ஓடினார். டொனால்ட் ஓடவில்லை. பிறகு ஓடத் தொடங்கியபோது கையில் மட்டை இல்லை, கீழே விழுந்து கிடந்தது. ரன் அவுட். ஆட்டம் சமன். முந்தைய சுற்றில் முன்னிலை பெற்றிருந்த ஆஸ்திரேலியா இறுதியாட்டத்துக்குப் போயிற்று.

குளூஸ்னர் 16 பந்தில் 31 ரன், அவுட்டாகவில்லை. அந்த உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். இரண்டாவது பந்து முடிந்தபோது உலகத்தின் ஐஸ் எல்லாம் அவர் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது பந்து முடிந்தபோது அவர் 'சோக்கர்ஸ்' அணியின் உறுப்பினர். நடுவில் கழிந்தது சில நிமிடங்கள்.

'சோக்கர்' என்றால் தொண்டை அடைத்துக்கொண்டவன். இந்தச் சொல்லையும் தமிழில் நேராகப் பெயர்க்க முடியாது. தமிழனுக்குத் துக்கத்தில்தான் தொண்டை அடைக்கும், தோல்விப் பயத்தில் அல்ல. அதனால் தமிழ் விளையாட்டுப் பக்கங்கள் வேறு வழி கண்டுபிடித்தன. தென்னாப்பிரிக்கா 'ராசியில்லாத அணி' ஆயிற்று. மொழிபெயர்ப்பு என்ற வகையில் இது தவறு. ஆங்கிலம் குற்றம் சாட்டுகிறது, தமிழ் அனுதாபப்படுகிறது. ஆங்கிலம் கோளாறைத் தொண்டையில் தேடுகிறது, தமிழ் கிரகங்களில் தேடுகிறது. ஆனாலும் இரண்டும் ஒரு விஷயத்தில் கூட்டாளிகள். உடம்பிலோ நட்சத்திரத்திலோ எழுதியிருந்தால் ஆட்டக்காரன் செய்வதற்கு எதுவும் இல்லை. 'ராசியான கேப்டன்' என்று ஒருவரைப் புகழும்போதும் இதே கதைதான். அவர் யோசித்தது, உழைத்தது, ஒத்திகை பார்த்தது எல்லாம் காணாமல்போய்விடுகிறது.

ராசியான கேப்டன் என்றதும் யார் நினைவுக்கு வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை. மகேந்திர சிங் தோனிக்கு ஆங்கிலம் கொடுத்த பட்டம் 'கேப்டன் கூல்'. 2025ல் அந்தப் பட்டத்தை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யக் கேட்ட அவருடைய விண்ணப்பமே செய்தியாயிற்று. குளிர்ச்சிக்கும் உரிமைப் பத்திரம் தேவைப்படுகிற காலம்.

அந்தப் பட்டத்தின் உச்சம் 2011 ஏப்ரல் 2, மும்பை வான்கடே. இலங்கைக்கு எதிரான இறுதியாட்டத்தில் இலக்கு 275. 114க்கு 3 விக்கெட் விழுந்தபோது, பிரமாத ஃபார்மில் இருந்த யுவராஜ் சிங்கை உட்காரவைத்துவிட்டு தோனி தாமே இறங்கினார். அந்தத் தொடரில் அதுவரை அவர் ஓர் அரைசதம்கூட அடித்ததில்லை. 79 பந்தில் 91 ரன், கடைசியில் ஒரு சிக்ஸர். ஐஸ்தான், துணிச்சல்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் பிற்பாடு சொன்ன காரணங்களில் ஐஸ் இல்லை. அப்போது பந்துவீசிக்கொண்டிருந்தவர் முத்தையா முரளிதரன். சென்னை அணியில் மூன்று ஐ.பி.எல். பருவங்கள் தோனியின் கீழ் ஆடியவர். வலைப்பயிற்சியில் முரளியின் பந்தை தோனி பார்த்ததற்குக் கணக்கில்லை. மறுமுனையில் இடதுகை கம்பீர் நின்றதால் வலதுகைக்காரர் போனால் வசதி என்ற கணக்கும் சேர்ந்தது. மற்றவர்களுக்கு அது இறுதியாட்டத்தின் பயங்கர நிமிடம். தோனிக்குப் பழகிய கை, பழகிய சுழல்.

அந்த இந்திய அணியின் பயிற்சியாளர் கேரி கிர்ஸ்டன் 1999ல் எட்ஜ்பாஸ்டனில் தோற்ற தென்னாப்பிரிக்க அணியில் தொடக்க ஆட்டக்காரராக ஆடியவர். மனப்பயிற்சியாளராக அவர் கூட்டிவந்த பேடி அப்டனும் தென்னாப்பிரிக்கர். தொண்டை அடைத்துக்கொள்பவர்கள் என்று உலகம் சிரித்த தேசத்திலிருந்து வந்த இரண்டு பேர்தான் இந்தியாவுக்கு நெருக்கடியைப் பழக்கினார்கள்.

கூல் என்ற பட்டமும் இருபத்து நாலு மணி நேரமும் செல்லுபடியாவதில்லை. 2019 ஏப்ரல் 11 அன்று ஜெய்ப்பூரில் ஒரு நோ பால் முடிவை நடுவர்கள் திரும்பப் பெற்றபோது, ஏற்கனவே அவுட்டாகி வெளியே போயிருந்த தோனி மைதானத்துக்குள் விறுவிறுவென்று நடந்து வந்து அவர்களோடு வாக்குவாதம் செய்தார். சம்பளத்தில் பாதி அபராதம். அவரும் மனிதர்தான் என்று ரசிகர்கள் அன்று கொஞ்சம் சந்தோஷப்பட்டார்கள்கூட.

விளையாட்டுக்கு வெளியே, இந்த அகராதியின் மிக அலங்காரமான பட்டத்தை அமெரிக்க விண்வெளித் துறை வைத்திருக்கிறது: 'எஃகுக் கண் ஏவுகணை மனிதர்'. இதைப் பெற்ற ஜான் ஆரனுக்கு அப்போது 26 வயது. 1969 நவம்பர் 14 அன்று அப்போலோ 12 மழையில் கிளம்பியது. முப்பத்தாறு விநாடி கழித்து ஒரு மின்னல், ஐம்பத்திரண்டாவது விநாடியில் இன்னொரு மின்னல். கலத்துக்குள் எச்சரிக்கை விளக்குகள் சரம் சரமாக எரிந்தன. ஹூஸ்டன் திரைகளில் எண்கள் குப்பையாகக் கொட்டின. பயணத்தைக் கைவிடுவதா என்று விநாடிகளில் முடிவெடுக்க வேண்டும். மின்சாரப் பகுதியைக் கவனித்த ஆரன் ஒரே வரி சொன்னார்: எஸ்.சி.இ.யை ஆக்ஸுக்கு மாற்றுங்கள். அது என்ன சுவிட்ச் என்று அவருடைய மேலதிகாரிக்கே தெரியவில்லை. கலத்தின் கேப்டன் பீட் கான்ராடுக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஆலன் பீனுக்குத் தெரிந்திருந்தது. மாற்றினார். எண்கள் திரும்பி வந்தன. கலம் நிலவுக்குப் போய்த் திரும்பியது.

இந்தக் கதை எப்போதும் இங்கேயே முடிக்கப்படுகிறது, எஃகுக் கண்ணோடு. ஆனால் சுவையான பகுதி அதற்கு முந்தியது. ஏறக்குறைய ஓராண்டுக்கு முன் நடந்த ஒரு சோதனையின்போது ஆரன் திரையில் இதே மாதிரியான குப்பை எண்களைப் பார்த்திருந்தார். அது அவருடைய பிரச்சினை அல்ல. தவறு நடந்தது வேறு ஊரில், வேறு குழுவிடம். யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஆனாலும் அந்த எண்கள் ஏன் அப்படி வந்தன என்று அவர் துருவினார். அந்தத் துருவலில்தான் யாரும் சீண்டாத அந்த சுவிட்ச் அகப்பட்டது. மின்னல் விழுந்த அன்று அவர் செய்தது ஞாபகப்படுத்திக்கொண்டது மட்டுமே. எஃகுக் கண் என்பதைவிட நச்சரிக்கும் ஆர்வம் என்பது பொருத்தமான பெயர். பட்டத்துக்குத்தான் எடுப்பாக இருக்காது.

மனவியலார் சொல்வதும் இதையொட்டியே வருகிறது. ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984ல் வெளியிட்ட கட்டுரையில், நெருக்கடியில் மனிதன் தடுமாறுவதற்குக் காரணம் தன் செய்கையைத் தானே உற்றுக் கவனிக்கத் தொடங்குவதுதான் என்றார். கைக்குத் தானாக வரும் வேலையை மூளை மேற்பார்வை பார்க்கக் கிளம்பினால் கை தடுக்கி விழுகிறது. பழகிய படிக்கட்டில் ஒவ்வொரு படியாக எண்ணி இறங்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இப்படிப்பட்டவனிடம் போய் நீ தொண்டை அடைப்பவன் என்று சொல்வது, அவனை மேலும் எண்ணவைக்கும். 2025 ஜூனில் லார்ட்ஸில் தென்னாப்பிரிக்கா 282 என்ற இலக்கைத் துரத்தி டெஸ்ட் சாம்பியன் பட்டம் ஜெயித்த கடைசி நாள் காலையில்கூட ஆஸ்திரேலியர்கள் அந்தச் சொல்லைத் தங்கள் காதில் போட்டதாக கேப்டன் டெம்பா பவுமா சொன்னார். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு சொல்லைக் கல்லாக எறியலாம் என்று அவர்கள் நம்பியிருக்கிறார்கள். எய்டன் மார்க்ரம் 136 அடித்ததால் அன்று கல் குறி தவறியது.

இந்தச் சொற்கள் மைதானத்தோடு நின்றிருந்தால் மொழிபெயர்ப்பாளர்களின் பாடு மட்டும்தான். ஆனால் இவை வேலை விளம்பரங்களுக்கு வந்துவிட்டன. நெருக்கடியில் பணியாற்றும் திறன் தேவை என்று எழுதாத கம்பெனி அபூர்வம். அப்போலோ 12க்கு நெருக்கடி வானத்திலிருந்து விழுந்தது. ஆபீஸ் நெருக்கடிகளில் பல, மூன்று பேர் வேலையை ஒருவரிடம் தள்ளுவதால் வருபவை. அதைத் தாங்கமாட்டாதவனுக்கு நரம்பில் எஃகு போதவில்லை என்று சொல்லிவிடலாம். வேலையைப் பங்கிட்டவரிடம் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் 'நரம்பு' என்றாலே லாட்ஜ் வைத்தியர்களின் நரம்புத் தளர்ச்சி விளம்பரம்தான் ஞாபகத்துக்கு வரும். மருந்து விற்கிறவர்கள் முதலில் நோயை விற்றாக வேண்டும்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சென்னையின் 18 வயது குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனபோது ஆங்கிலப் பக்கங்களில் எஃகு நரம்புகள் மறுபடியும் தலைகாட்டின. பதினாலாவது, கடைசி ஆட்டம். 55வது நகர்வில் சீனாவின் டிங் லிரென் யானையைத் தவறான இடத்துக்கு நகர்த்தினார். அது தவறு என்று முதலில் தாமும் கவனிக்கவில்லை, வேறொரு நகர்வுக்குப் போக இருந்ததாக குகேஷ் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். நல்லவேளையாக இன்னொரு முறை பார்த்தார். தண்ணீர் குடித்தார், மூச்சை நிதானப்படுத்திக்கொண்டார், பிறகுதான் ஆடினார். அவருடைய மனப்பயிற்சியாளர், 2011ல் தோனியின் அணியோடு இருந்த அதே பேடி அப்டன். ஆட்டம் முடிந்ததும் எஃகு நரம்புப் பையன் பலகையில் காய்களைத் திரும்ப அடுக்கி வைத்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதான்.

அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் துல்லியமான ஓர் உதாரணம் கிடைத்தது. 2025 அக்டோபர் 30, நவி மும்பை. பெண்கள் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியா நிர்ணயித்த இலக்கு 339. பெண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் அதுவரை யாரும் இவ்வளவு ரன்னைத் துரத்தி ஜெயித்ததில்லை. மூன்றாவதாக இறங்கப் போவது தாம்தான் என்று ஜெமிமா ரோட்ரிக்ஸுக்குத் தெரிந்தது இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால். கடைசி வரை நின்று 134 பந்தில் 127 எடுத்தார். ஒன்பது பந்து மிச்சம் இருக்க இந்தியா ஜெயித்தது. மறுநாளுக்கான தலைப்பு ஐஸோடு தயாராக இருந்திருக்கும். ஆனால் அவர் பேட்டியில் அழுதுகொண்டே வேறு விதமாகச் சொன்னார். இந்தத் தொடர் முழுவதும் மனப்பதற்றத்தோடு போராடிக்கொண்டிருந்தேன், அநேகமாக ஒவ்வொரு நாளும் அழுதேன், அம்மாவுக்கு போன் போட்டு அழுதேன், நடுவில் ஒரு ஆட்டத்தில் என்னை எடுத்துவிட்டார்கள் என்றார். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிலரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்று நாள் கழித்து இறுதியாட்டத்திலும் அவர் மைதானத்துக்கு வந்தார்.